எழுபத்தோராவது வளைவு

கொல்லிமலைக்குப் போகிற சாலை சேந்தமங்கலம் வரை ஒழுங்காகத்தான் போகிறது. காரவள்ளி வந்ததும் அதற்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. முதல் பத்து வரை பேருந்தில் இருக்கும் பிள்ளைகள் உரக்க எண்ணுவார்கள். இருபதைத் தாண்டினால் ஜன்னலோரத்து ஆசாமி எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்வார். முப்பதுக்கு மேல் எண்ணுவதற்கு யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள். மேலே போய் இறங்கி முடவாட்டுக்கால் சூப் ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் வயிறு பழைய இடத்துக்குத் திரும்பும்.

சாலை போட்டவர்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இத்தனை வளைத்தவர்கள் இன்னும் ஒன்று வளைத்திருக்கலாம். 70 சரியில்லாத எண். வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, கணக்கோடுதான் சொல்கிறேன். 70-ஐ மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்களை எழுதிப் பாருங்கள்: 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினால் 74. நாலு அதிகம். அந்த நாலைக் கழித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமே என்றால், கழிக்க வழியில்லை. 1-ம் 2-ம் சேர்ந்தால் 3. அடுத்து இருப்பது 5. பையில் பணம் நிறைய இருந்தும் சரியான சில்லறை கொடுக்க முடியாமல் நடத்துநரிடம் திட்டு வாங்கும் பயணியைப் போல, 70-ஆல் தன் வகுத்திகளில் எதைப் பொறுக்கிக் கூட்டியும் தன்னையே கொண்டுவர முடியாது. இப்படிப்பட்டவற்றுக்கு ‘விந்தை எண்கள்’ என்று 1972-இல் பெயர் வைத்தவர் பென்கோஸ்கி என்ற அமெரிக்கர். அந்தக் கூட்டத்திலேயே மிகச் சிறியது 70.

இன்னொரு குறையும் இருக்கிறது. 1 × 2 × 3 என்று 70 வரை பெருக்கிக்கொண்டே போவதைக் கணக்கில் 70! என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருந்த பழைய சயன்டிஃபிக் கால்குலேட்டரில் 69! தட்டினால் விடை வரும். 70! தட்டினால் ‘எரர்’ வரும். விடைக்கு 101 இலக்கங்கள். அந்தப் பெட்டிக்கு 100 இலக்கத்துக்கு மேல் தாங்காது. ஆக, எழுபதாவது வளைவில் கால்குலேட்டருக்கும் வாந்தி.

ஒரே ஒரு வளைவு கூடியிருந்தால் 71. அதன் கம்பீரமே வேறு. 71 பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதற்கும் பிடி கொடுக்காது. கால்குலேட்டர் மயங்கி விழுந்த அந்த 70!-உடன் 1 கூட்டி 71-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியே வராது. 101 இலக்கத்தையும் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிற சேதி இல்லை இது. ஓர் எண் பகா எண் என்றால், அதற்கு முந்தைய எண் வரை பெருக்கி 1 கூட்டினால் அது மீதியின்றி வகுபடும். பகா எண் இல்லையென்றால் வகுபடாது. வில்சன் தேற்றம் என்று பெயர். பகா எண்ணைக் கண்டுபிடிக்க இதைவிட அழகான வழி கிடையாது. இதைவிட உதவாத வழியும் கிடையாது. 71-ஐச் சோதிக்கவே 101 இலக்கம் பெருக்க வேண்டுமென்றால், பெரிய எண்ணைச் சோதிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும்.

இனி பழங்கதை. கொல்லிமலையில் எண்ணிக்கை விஷயத்தில் மிகைப்படுத்துவது சங்க காலத்திலேயே தொடங்கிவிட்டது. வல்வில் ஓரி ஓர் அம்பு விட்டான். அது யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானைத் துளைத்து, பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடி வைத்திருக்கிறார். ஐந்து பிராணிகளும், அதிலும் புலியும் மானும், சண்டை சச்சரவில்லாமல் ஒரே நேர்கோட்டில் நின்று ஒத்துழைத்ததுதான் இதில் பெரிய அதிசயம். பாணர்களுக்கு விருந்து பலமாக நடந்திருக்க வேண்டும். அந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனிடம் ஒப்படைத்தான். ஓரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன், காரியும் ஒருவன். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைத் தீர்த்துக்கட்டி, அவன் மலையை மூன்றாமவனுக்குத் தானமாகக் கொடுப்பது நம் வரலாற்றில் மட்டும்தான் நடக்கும்.

அதே மலையில் கொல்லிப்பாவை என்றொருத்தியும் இருந்தாள். தெய்வம் செய்த பாவை. பார்த்துச் சிரிப்பாள், மயங்கிக் கிட்டே போனவன் பிணம். பகா எண்களின் சரித்திரத்தைப் புரட்டுகிறவனால் இவளை மறக்க முடியாது. சின்னச் சின்ன பகா எண்கள் வரிசையாக நின்று சிரிக்கும். ஆகா, ஒழுங்கு தெரிகிறதே என்று கிட்டே போன மகா மேதைகளெல்லாம் அங்கேயே விழுந்து கிடக்கிறார்கள். அதில் ஒருவர் நம் ஊர்க்காரர்.

அவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். ஆனால் குலதெய்வம் காரவள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாமக்கல் நாமகிரித் தாயார். கோமளத்தம்மாள் பிள்ளை வரம் கேட்டது அந்தத் தாயாரிடம்தான் என்பது குடும்பத்தில் வழங்கிய கதை. தாயாரும் வாங்கிய வேண்டுதலை அரைகுறையாக விடவில்லை. பிள்ளையைக் கொடுத்ததோடு, அவன் கனவில் வந்து சூத்திரங்களையும் எழுதிக் காட்டினாள் என்று ராமானுஜனே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு முட்டைக்கும் லாரிக்கும் பெயர் போன நாமக்கல், அன்றைக்கு எண் கணிதத்தில் மொத்த ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது.

கணக்கைத் தவிர மற்ற பாடங்களிலெல்லாம் கோட்டை விட்டு, எஃப்.ஏ. தேறாமல், 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது வயது சுமார் 23 என்றார். உண்மையில் 25. இரண்டு வருஷத்தை எதற்காக விழுங்கினார் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ காரணம் எளிது என்று படுகிறது: 25 என்றால் ஐந்தைந்து, சாதாரணம். 23 பகா எண். கணக்குக்காரருக்கு எழுதும்போது வயதும் கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டுமே.

அந்தக் கடிதத்தில் ஒரு சவால் இருந்தது. ஹார்டி தன் சிறு நூல் ஒன்றில், கொடுத்த எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று திட்டமாகச் சொல்லும் கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். துறைமுகக் குமாஸ்தா பதில் எழுதினார்: என்னிடம் இருக்கிறது, உண்மை விடையை ஏறத்தாழத் தொட்டுவிடும், பிழை கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறியது. ஜெர்மனியில் காஸ் பதினைந்து பதினாறு வயதில் தொடங்கிய விஷயம். 1859-இல் ரீமான் கைவைத்த விஷயம். 1896-இல்தான் இரண்டு பேர் தனித்தனியாக அதன் முதல் படியை நிரூபித்திருந்தார்கள். இவற்றில் எதையும் கேள்விப்படாமல், ஜார்ஜ்டவுன் பக்கம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ‘முடிந்துவிட்டது சார்’ என்கிற பாவனையில் கடிதம் போட்டுவிட்டார்.

ஹார்டி நிரூபணம் கேட்டார். பகா எண் விஷயத்துக்குக் கட்டாயம் வேண்டும் என்று அழுத்திக் கேட்டார். பிப்ரவரி 27-ஆம் தேதி அடுத்த கடிதம் போயிற்று. அதில் நிரூபணம் இல்லை. 1 + 2 + 3 + 4 என்று முடிவில்லாமல் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று இருந்தது. என் வழியைச் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்று அவரே முந்திக்கொண்டார். கூடவே, மூளையைக் காப்பாற்ற எனக்கு முதலில் சாப்பாடு வேண்டும் என்றும். தமிழ்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கணித ஆவணங்களில் இதுதான் மிகவும் நேர்மையானது என்பேன்.

ஹார்டியும் அவருடைய கூட்டாளி லிட்டில்வுட்டும் பகா எண் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ரீமான் கண்ட சூத்திரத்தின் தலைப்பகுதியை இந்த ஆள் தன்னந்தனியாகப் பிடித்திருக்கிறார். அது மலைக்க வைத்தது. ஆனால் வால்பகுதி இல்லை. ரீமானின் ஜீட்டா சார்புக்குக் கலப்பெண்களில் முடிவில்லாத பூஜ்ஜியங்கள் உண்டு; பகா எண்களின் ஏற்ற இறக்கமெல்லாம் அவற்றிலிருந்துதான் வருகிறது. அப்படியொன்று இருப்பதாகவே ராமானுஜனுக்குத் தெரியாது. ஆயிரம் வரை, லட்சம் வரை அவர் சூத்திரம் அழகாக வேலை செய்தது. பாவை சிரித்தாள். போகப்போகப் பிழை அவர் சொன்ன அளவுக்குள் நிற்காது.

இதை வைத்து நாமகிரித் தாயாருக்கும் பிள்ளைக்கும் நடந்திருக்கக்கூடிய வழக்கு ஒன்று எனக்குத் தோன்றுவதுண்டு, முழுக்க என் கற்பனைதான்:

“அம்மா, பகா எண் எண்ணுகிற சூத்திரம் தப்பு என்கிறார்களே அங்கே!”

“நான் எழுதியது சரிதான் ராமானுஜா. பாதி எழுதும்போதே நீ விழித்துக்கொண்டாய்.”

அவரைப் பார்த்துச் சிரித்த வெள்ளைக்காரர்களும் தப்பவில்லை என்பதுதான் இந்தக் கதையின் ருசி. காஸ் கொடுத்த மதிப்பீடு, எண்ணிப் பார்த்த வரைக்கும், உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. ஆயிரத்துக்குக் கீழே பகா எண்கள் 168. மதிப்பீடு 10 அதிகம். பத்து லட்சத்துக்குக் கீழே 78,498. மதிப்பீடு 130 அதிகம். நூறு கோடிக்குக் கீழே 5,08,47,534. மதிப்பீடு 1,701 அதிகம். எண்ணிப் பார்த்த இடமெல்லாம் அதிகம்தான், ஆகவே எப்போதும் அதிகம்தான் என்று பெரிய பெரிய தலைகளெல்லாம் நம்பிக்கொண்டிருந்தன. 1914-இல் லிட்டில்வுட் நிரூபித்தார்: இல்லை, ஓரிடத்தில் குறையும், மறுபடி கூடும், இப்படி முடிவில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். எங்கே குறையும் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. அவருடைய மாணவர் ஸ்க்யூஸ் 1933-இல், அந்த ஜீட்டா பூஜ்ஜியங்களைப் பற்றி ரீமான் ஊகித்து, இன்னும் யாரும் நிரூபிக்காத கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு, ஓர் எல்லை சொன்னார்: 1-க்குப் பின்னால் 34 பூஜ்ஜியம் போட்டு ஓர் எண் எழுதுங்கள், 1-க்குப் பின்னால் அத்தனை பூஜ்ஜியம் போட்டு இன்னோர் எண், 1-க்குப் பின்னால் அத்தனை பூஜ்ஜியம் போட்டு மூன்றாவது எண். அதற்குள் நிச்சயம் குறைந்துவிடும் என்றார். கணக்கா வசவா என்றே தெரியவில்லை. பிறகு வந்தவர்கள் அதை 317 இலக்கத்துக்கு இறக்கிவிட்டார்கள். அதுவும் மனிதன் எண்ணிப் பார்க்கிற தூரம் இல்லை.

ஆக, அந்த மாற்றத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நிரூபணம் மட்டும் இருக்கிறது. நாமகிரித் தாயாரை நம்பியவனைக் கேலி செய்வதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும். பிற்காலத்தில் ஹார்டியே, ராமானுஜனின் வெற்றிகளைவிட இந்தத் தோல்விதான் ஒருவகையில் அதிக வியப்பு என்று எழுதினார்.

ஹார்டி கடவுள் இல்லை என்கிறவர். ஆனாலும் கடவுளோடு அவருக்கு ஓயாத சண்டை. டென்மார்க்கிலிருந்து கடல் கொந்தளிப்பாக இருந்த ஒரு நாளில் படகேறுமுன், ரீமான் கருதுகோளை நிரூபித்துவிட்டேன் என்று நண்பருக்கு ஓர் அட்டை போட்டாராம். படகு முழுகினால் உலகம் ஹார்டி நிரூபித்துவிட்டார் என்று நம்பிவிடும். அப்படியொரு புகழை எனக்குக் கொடுக்கக் கடவுளுக்கு மனம் வராது, ஆகவே படகு முழுகாது என்பது அவர் தர்க்கம். நம்மவர் கதை இதைவிட நேரானது. கடல் தாண்டினால் ஜாதிப் பிரஷ்டம் என்று கோமளத்தம்மாள் மறுத்தார். நாமக்கல் கோயிலில் போய் ராமானுஜன் மூன்று இரவு படுத்து உத்தரவு வாங்கினார் என்பார்கள். அம்மாளின் கனவிலேயே தாயார் வந்து வழியை விடு என்று சொன்னாள் என்றும் சொல்வார்கள். நிரூபணம் கேட்காத ஒரே இடம் அதுதான். 1914 மார்ச் 17-ஆம் தேதி, குடுமி போய் கிராப்பு வந்தவரை ஏற்றிக்கொண்டு ‘நெவாசா’ கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது.

இங்கிலாந்தில் டாக்சி எண் கதை எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போன ஹார்டிக்கு நலம் விசாரிக்கத் தெரியவில்லை. வந்த வண்டியின் எண் 1729, சப்பென்ற எண் என்று ஆரம்பித்தார். படுத்திருந்தவர், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். சரி. ஆனால் அந்த வண்டி ஒரு போலிச்சாமி என்பதை ஊருக்கு யாரும் சொல்வதில்லை. 1729 பகா எண் இல்லை; 7 × 13 × 19. ஆனால் பகா எண் வேஷம் போடுவதில் கைதேர்ந்தது. ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க ஃபெர்மா ஒரு சோதனை வைத்திருக்கிறார்: அதோடு பொதுக்காரணி இல்லாத ஏதாவதொரு எண்ணை எடுத்து, சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைத்த அளவுக்கு அடுக்கேற்றி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். பகா எண் என்றால் கட்டாயம் வரும். 1729-க்கும் எதைப் போட்டாலும் வருகிறது! இப்படிப்பட்ட வேஷதாரிகளில் முதலாவது 561, அடுத்தது 1105, மூன்றாவது 1729. கார்மைக்கேல் என்ற அமெரிக்கர் 1910-இல் இவற்றைப் பிடித்ததால் கார்மைக்கேல் எண்கள். எண் கணிதத்தில் உலகத்திலேயே தலைசிறந்த இருவர் இருந்த அறை வாசலில் ஒரு போலி பகா எண் வந்து, வாடகை வாங்கிக்கொண்டு, சலாம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

மெலிந்து திரும்பிய ராமானுஜன் 1920-இல் சேத்துப்பட்டில் காலமானார், வயது 32. அதற்கு முந்தின வருஷம்தான் இரண்டே பக்கத்தில் பகா எண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். இதில் தப்பே கிடையாது. ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் நடுவே எத்தனை பகா எண்கள் என்று அது பார்க்கிறது. 70-ஐ எடுத்தால், 35-க்கு மேல் 70 வரை எட்டு. 71-க்கு வந்தால் 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71 என்று ஒன்பது. அதற்குப் பிறகு எவ்வளவு பெரிய எண்ணுக்குப் போனாலும் ஒன்பதுக்குக் கீழே இறங்கவே இறங்காது. இப்படி ஒரு படியை நிரந்தரமாகத் தாண்டிவிடும் எண்களுக்கு ராமானுஜன் பகா எண்கள் என்று பெயர். 2, 11, 17, 29, 41 என்று போகிற வரிசையில் 71 ஒன்பதாவது.

71-க்கு அவர் இன்னொரு வேலையும் வைத்துவிட்டுப் போனார். 4! + 1 என்பது 25, அதாவது ஐந்தின் வர்க்கம். 5! + 1 என்பது 121, பதினொன்றின் வர்க்கம். 7! + 1 என்பது 5041, எழுபத்தொன்றின் வர்க்கம். வேறு ஏதாவது உண்டா என்று 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் கேட்டார். பிரான்சில் ப்ரோகார் அதற்கு முன்பே கேட்டிருந்தது இவருக்குத் தெரியாது, வழக்கம்போல. இன்று வரை நாலாவது கிடைக்கவில்லை. இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

இங்கே இன்னொரு தமிழரைச் சொல்லாமல் போவது அநியாயம். குற்றாலத்துப் பக்கம் வல்லத்தில் 1901-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய சு. சிவசங்கரநாராயண பிள்ளை. வாரிங் கணக்கு என்ற எண் கணிதப் புதிரில் உலகத்தின் பெரிய தலைகளோடு சரிக்குச் சரி நின்றவர். 1950 ஆகஸ்டு 31-ஆம் தேதி அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் பிள்ளை பகா எண்கள் என்று ஓர் இனம் உண்டு. மேலே பார்த்த அதே n! + 1 எண்களைக் காரணிப்படுத்துங்கள். 5! + 1-இன் காரணி 11; அதை 5-ஆல் வகுத்தால் மீதி 1. 6! + 1-இன் காரணிகள் 7, 103. இரண்டையும் 6-ஆல் வகுத்தால் மீதி 1. 7! + 1-க்குக் காரணி 71. 7-ஆல் வகுத்தால் மீதி 1. பாவை மறுபடி சிரிக்கிறாள். 8! + 1-க்குப் போங்கள்: 61 × 661. 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5. கதை முடிந்தது. இப்படி ஒழுங்கைக் கெடுக்கும் பகா எண்கள்தான் பிள்ளை எண்கள். 61 அதில் ஒன்று. 9! + 1-இல் ஒளிந்துகொண்டிருப்பதால் 71-ம் ஒன்று. இந்த இனத்தில் எல்லாவற்றிலும் சிறியது எது தெரியுமா? 23. ஹார்டிக்கு எழுதிய அதே பொய் வயது.

பெரிய பகா எண்களை வைத்துப் பந்தயம் கட்டியவர்களில் மெர்சென் பாதிரியாருக்கு முதலிடம். 2-ஐ அடுக்கேற்றி ஒன்று கழித்தால் சில சமயம் பகா எண் வரும் என்பது பழைய சமாசாரம். 1644-இல் பாரிஸில் இருந்துகொண்டு, அடுக்கு 257 வரை எவையெவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டார். அத்தனை பெரிய எண்ணைச் சோதிக்க அன்று யாருக்கும் வழி தெரியாது, பாதிரியாருக்கும் தெரியாது. யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான். 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 67, 257 இரண்டையும் தப்பாகச் சேர்த்துவிட்டார். இத்தனைக்கும் பிறகு அந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1903-இல் நியூயார்க்கில் கோல் என்ற பேராசிரியர் மேடையேறினார். வாயே திறக்காமல் கரும்பலகையில் 2⁶⁷ − 1-ஐ முழுதாக எழுதினார். பக்கத்தில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதிப் பெருக்கினார். இரண்டும் ஒன்று. பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். நம் கருத்தரங்குகளில் பேசுகிறவர்களுக்கு இவரைப் போட்டுக் காட்ட வேண்டும்.

அந்த 67 பொய் என்று காரணிகள் தெரியாமலேயே 1876-இல் கண்டவர் பிரான்சின் லூக்கா. அதே வருஷம் 2¹²⁷ − 1 பகா எண்தான் என்று கையாலேயே காட்டினார்: 170141183460469231731687303715884105727. 39 இலக்கங்கள். 75 வருஷம் இதை மிஞ்சிய பகா எண் யாருக்கும் அகப்படவில்லை. அவருடைய வழியை லேமர் பின்னால் சீர்செய்தார். இன்று பள்ளிப் பிள்ளைகூடச் செய்யலாம். 127-ஐச் சோதிப்போம். அது 2⁷ − 1. நாலில் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து, இரண்டு கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். இதையே திரும்பத் திரும்ப, அடுக்கில் இரண்டு குறைத்த தடவை, அதாவது ஐந்து தடவை செய்யுங்கள். 4, 14, 67, 42, 111, 0. பூஜ்ஜியம் வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை. வேஷம் கீஷம் இங்கே செல்லாது. இவ்வளவு செய்த லூக்கா எப்படிச் செத்தார் என்பதுதான் பரிதாபம்: 1891-இல் ஒரு விருந்தில் பரிமாறுகிறவர் கீழே போட்ட பீங்கான் தட்டு உடைந்து, ஒரு சில்லு கன்னத்தில் கீறி, அது சீழ் வைத்து, சில நாளில் ஆள் போய்விட்டார்.

1811-இல் இங்கிலாந்தில் பார்லோ என்பவர் இந்த ஆட்டத்துக்கே மங்களம் பாடப் பார்த்தார். 2³¹ − 1-இலிருந்து வரும் நிறைவெண்ணைவிட (தன் சிறிய வகுத்திகளைக் கூட்டினால் தானே வருகிற எண் நிறைவெண்) பெரிதாக ஒன்றை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனென்றால் பிரயோஜனமில்லாத விஷயத்துக்கு யார் மெனக்கெடுவார்கள் என்றார். மனிதனின் வெட்டி உழைப்பை இவ்வளவு குறைத்து மதிப்பிட்டவர் வேறு யாரும் கிடையாது.

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணையும் பகா எண்ணா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல், கணினிக்குக் கட்டுப்படியாகும் நேரத்தில் சொல்லும் வழியைக் கொடுத்தார்கள். உலகமே நூற்றாண்டுகளாகத் தேடியது. விடையோ சில பக்கங்களில் அடங்கியது. மூவரில் ஒருவரும் தமிழர் இல்லை, பரவாயில்லை. வேடிக்கை என்னவென்றால், நடைமுறையில் பெரிய எண்களைச் சோதிக்க அந்த வழியை யாரும் பயன்படுத்துவதில்லை. பழைய வழிகள் அதைவிட வேகம்.

2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டுரான்ட், பதினேழு நாடுகளில் ஆயிரக்கணக்கான வரைகலைச் சில்லுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டி, 2-ஐ 13,62,79,841 தடவை அடுக்கேற்றி ஒன்று கழித்த எண் பகா எண் என்று கண்டுபிடித்தார். இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்துக்கு 3,000 இலக்கம் அச்சடித்தால் 13,675 பக்கம். முதலில் அது தேறியது ஃபெர்மா வகைச் சோதனையில்; 1729 பாஸ் பண்ணின அதே பரீட்சை. ஏமாறத் தயாரில்லாதவர்கள் லூக்காவின் வழியில் மறுபடி சோதித்தார்கள். பதின்மூன்று கோடித் தடவைக்கு மேல் வர்க்கம் எடுத்து, இரண்டு கழித்து, வகுத்து, கடைசியில் பூஜ்ஜியம் வந்தது. வங்கிக்கும் கைபேசிக்கும் பூட்டுப் போட சில நூறு இலக்கப் பகா எண்களே போதும். நாலு கோடி இலக்கத்துக்கு யாதொரு உபயோகமும் கிடையாது. பார்லோ சொன்னதில் பாதி சரி.

நீங்களும் தேடலாம். மெர்சென் பகா எண்களைத் தேடும் ‘கிம்ப்ஸ்’ என்ற கூட்டு முயற்சியின் மென்பொருள் இலவசம். வீட்டுக் கணினியே போதும், கோமளத்தம்மாளைப் போல யாருடைய கனவுக்காகவும் காத்திருக்க வேண்டாம். புதிய மெர்சென் பகா எண் அகப்பட்டால் அவர்கள் தருவது 3,000 டாலர். பத்துக் கோடி இலக்கப் பகா எண்ணை முதலில் கண்டுபிடிக்கிறவருக்கு வேறோர் அமைப்பு அறிவித்திருக்கும் 1,50,000 டாலர் பரிசும் உண்டு. கணினியை இரவு பகலாக ஓட விடுவதற்கு முன் வீட்டில் மின் கட்டணம் கட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.